டிராபன்ட்டில் பெர்லின்: சுவர் நின்ற வழியே ஒரு நாள்

பெர்லினைப் பழைய வண்டியில் சுற்றிப் பார்ப்பதென்றால் அது டிராபன்ட்டாகத்தான் இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் செல்லமாக டிராபி என்பார்கள். இதைவிட அழகான, சொகுசான பழைய கார்களும் அங்கே வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பெர்லினில் நாம் தேடிப் போகிற இடங்களில் பாதி, நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து 1961 முதல் 1989 வரை நின்ற ஒரு சுவரோடு சம்பந்தப்பட்டவை. அந்தச் சுவருக்குக் கிழக்கே இருந்த குடும்பங்களின் கார் இது. ஸ்விக்காவ் நகர ஆலையில் 1957 முதல் 1991 வரை முப்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் கைக்கு வரும். ஆகவே வண்டியே முதல் காட்சிப்பொருள். அதைப் புரிந்துகொண்டு ஏறுகிறவர்களுக்கு நகரமும் சீக்கிரம் புரிகிறது.

வாடகை வண்டிக்குப் பதிவு செய்யும்போது 601 மாடல்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 1964-ல் வந்து 1990 வரை ஓடிய மாடல் அது. கடைசிக் காலத்தில் வந்த 1.1 மாடலில் ஃபோக்ஸ்வாகன் உரிமத்தில் செய்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினும் தரையில் கியர் லீவரும் இருக்கும். ஓட்டுவதற்கு எளிது. ஆனால் டிராபியின் சத்தம், புகை, கியர் மூன்றும் அதில் கிடையாது.

601-ன் எஞ்சின் 594.5 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காற்றால் குளிர்வது, 26 குதிரைத்திறன். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய சேத்தக் ஓட்டிய கைகளுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, ரேடியேட்டர் இல்லை, பெட்ரோல் பம்ப்பும் இல்லை. பெட்ரோல் டேங்க் பானெட்டுக்குள் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் தானாகவே கீழே கார்புரேட்டருக்கு இறங்கும். பெரும்பாலான 601-களில் பெட்ரோல் முள்ளும் கிடையாது. பானெட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுத்தான் பார்க்க வேண்டும். உடல் தகடு டியூரோபிளாஸ்ட்: பஞ்சாலைக் கழிவுப் பஞ்சையும் ஃபீனால் ரெசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த நாட்டின் தீர்வு அது. துருப்பிடிக்காது, ஆனால் அடிபட்டால் நெளியாமல் விரிசல் விடும். போட்டோ எடுக்கும்போது பானெட் மேல் ஏறி உட்கார வேண்டாம்.

கிளப்பும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் ஐந்து நிமிடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். முதலில் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் காக்கை, அதாவது பெட்ரோல் குழாயின் அடைப்பானைத் திறக்க வேண்டும். பைக்கில் இருப்பது போலவே மூடல், திறப்பு, ரிசர்வ் என்று மூன்று நிலை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்புங்கள். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிட வேண்டும். சூடான எஞ்சினுக்குச் சோக் தேவையே இல்லை. அடுத்தடுத்த குழுக்களோடு நாள் முழுக்க ஓடிய வண்டிக்குப் புதிதாக ஏறியவர் பழக்கதோஷத்தில் சோக்கை இழுத்தால் பிளக் இரண்டும் நனைந்து வண்டி மக்கர் பண்ணும். அப்படி நனைந்துவிட்டால் சோக்கை முழுக்கத் தள்ளி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். மிச்சமிருக்கும் பெட்ரோலைக் காற்று வெளியேற்றிவிடும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைப்பதுதான் வழி.

பெட்ரோல் காக்கைத் திறக்க மறந்தாலும் வண்டி கிளம்பும் என்பது இதிலுள்ள பொறி. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, சரியாக ஒரு சிக்னல் நடுவே திணறி நிற்கும். எஞ்சின் போய்விட்டது என்று பதற வேண்டாம். கை முதலில் காக்கைத் தேடட்டும். நிறுத்தியதும் அதை மூடுவதும் அதே அளவு முக்கியம். டேங்க் மேலே இருப்பதால், கார்புரேட்டர் ஊசி சரியாக அடைக்காத வண்டியில் பெட்ரோல் ராத்திரி முழுக்கக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும்.

கியர் லீவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் டாஷ்போர்டிலிருந்து கைத்தடி போல நீண்டு வளைந்திருக்கும். பழைய ஃபியட், அம்பாசடரில் ஸ்டியரிங் கியர் போட்டவர்களுக்கு இது அந்நியமில்லை. ஆனால் இந்தியாவில் இடது கையால் போட்டதை இங்கே வலது கையால் போட வேண்டும். மேல்-கீழ், உள்-வெளி என்று இரண்டு அசைவுகள்: ஒன்றும் இரண்டும் ஒரு தளத்தில், மூன்றும் நான்கும் இன்னொரு தளத்தில். புறப்படுமுன் எஞ்சினை அணைத்து வைத்து, கிளட்ச்சை மிதித்தபடி நான்கு கியரையும் ரிவர்ஸையும் பத்து தடவையாவது போட்டுப் பாருங்கள். தெருவுக்கு வந்த பிறகு லீவரைக் குனிந்து பார்க்கும் அவகாசம் இருக்காது. கிளம்பும்போது கொஞ்சம் தாராளமாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். கீழ் வேகத்தில் இந்த எஞ்சினுக்கு இழுவை குறைவு. டீசல் கார் ஓட்டிப் பழகிய கால் இரண்டு மூன்று தடவை வண்டியை ஆஃப் செய்துவிட்டுத்தான் பழகும்.

நான்காவது கியரில் ஒரு விசேஷம் உண்டு. அதில் ஃப்ரீவீல் வைத்திருக்கிறார்கள், சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தானாக ஓடுவது போல. டூ ஸ்ட்ரோக்கில் மசகே பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான். ஆக்ஸிலரேட்டரை விட்டபின் சக்கரங்கள் எஞ்சினை வேகமாக இழுத்துச் சுற்றினால், பெட்ரோல் வராததால் ஆயிலும் வராமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. நமக்கு இதன் பொருள் ஒன்றுதான்: நாலாம் கியரில் காலை எடுத்தால் எஞ்சின் பிரேக் இருக்காது, வண்டி அதே வேகத்தில் மிதந்து போகும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் இல்லை. சிக்னலுக்கு வெகு முன்பே மூன்றாவதுக்கு இறக்கி, பிரேக்கை வலுவாக மிதிக்க வேண்டும். மழையில் டிரம் நனைந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஓடிக்கொண்டே லேசாக மிதித்து உலர்த்திவிட்டு அப்புறம் நம்புங்கள்.

குளிர்விப்பது பெல்ட்டில் சுற்றும் காற்றாடி. பெல்ட் அறுந்தால் எஞ்சின் சில நிமிடத்தில் அளவுக்கு மீறிச் சூடாகும். சத்தம் மாறினாலோ எரிகிற வாடை வந்தாலோ உடனே ஓரம் கட்டுங்கள். வாடகை வண்டிக்குப் பெட்ரோல் போடும் வேலை பெரும்பாலும் நம்மிடம் வராது. வந்தால் கணக்கு இது: ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். பத்து லிட்டருக்கு 200 மில்லி. 1970-களின் நடுப்பகுதிக்கு முந்தைய எஞ்சின்களுக்கு முப்பத்துமூன்றுக்கு ஒன்று, அதாவது 30 மில்லி. ஆயிலை முதலில் ஊற்றி அதன்மேல் பெட்ரோலைப் பிடித்தால் அந்த வேகத்திலேயே கலந்துவிடும். எத்தனால் அதிகமுள்ள இ10 வேண்டாம், பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது, இ5 போடுங்கள். டேங்க் எஞ்சின் மேலேயே இருப்பதால் சூடு ஆறாமல் ஊற்றக் கூடாது.

லைசன்ஸ் விஷயத்தில் அசட்டை கூடாது. இந்திய, இலங்கை லைசன்ஸ் மட்டும் போதாது. அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி அல்லது முறையான ஜெர்மன் மொழிபெயர்ப்பு, இரண்டின் அசலும் கையில் இருக்க வேண்டும். நகரின் உள்வட்டம் 2008 முதல் புகை கட்டுப்பாட்டு மண்டலம். முப்பது வருடம் தாண்டி, அசல் நிலையில் காக்கப்பட்டு, எண் பலகையின் முடிவில் எச் எழுத்து பெற்ற வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு. இத்தனை புகை விடும் டிராபி ஊருக்குள் ஓடுவது இந்த ஏற்பாட்டால்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் பின் சீட்டில் பெல்ட் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெல்ட் இல்லாத காரில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றச் சட்டம் இடம் தராது. நால்வர் அமரலாம் என்று எழுதியிருந்தாலும் பெரியவர்கள் மூவர்தான் நிம்மதியாக உட்கார முடியும்.

வழக்கமான ஏற்பாட்டில் நான்கைந்து டிராபிகள் வரிசையாகப் போகும். முன்வண்டியில் வழிகாட்டி, அவர் பேசுவது எல்லா வண்டியிலும் வானொலிப் பெட்டி வழியாகக் கேட்கும். வழிகாட்டிக்கு அடுத்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசியில் போனால் முன்னால் போகும் எல்லா வண்டிகளின் புகையும் உங்களுக்குத்தான். சிக்னலில் வரிசை துண்டானால் தனித்து நிற்பதும் நீங்கள்தான். அப்படித் துண்டானால் சிவப்பில் பாயாதீர்கள், முன்னால் போனவர் காத்திருப்பார்.

நாள் தேர்வில் என் யோசனை திங்கட்கிழமை. பெர்லினின் பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. திறந்தவெளி நினைவிடங்களுக்கோ விடுமுறை கிடையாது. காலை அலுவலக நெரிசல் தணிந்து பத்து மணிக்குக் கிளம்பினால் நாள் வீணாகாது. ஞாயிறு காலை எட்டு மணிச் சாலைகள் இன்னும் காலியாக இருக்கும். ஆனால் மாரத்தான், ஊர்வலம், கொண்டாட்டம் எதுவானாலும் பிராண்டன்பர்க் வாயிலுக்கு மேற்கேயுள்ள பெரிய சாலையைத்தான் அடைப்பார்கள். முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நீங்களாகவே எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வழி. மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று மணி நேரம். தொடக்கம் பழைய எல்லைக் கடவான செக்பாயின்ட் சார்லி. நடுத்தெருவில் நிற்கும் காவல் கூண்டு நகல்தான். கடைசியாக அங்கிருந்த அசல் கூண்டு தென்மேற்கே டாலெம் பகுதியில் நேசநாடுகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே கூண்டைவிட்டுக் கண்ணைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். சுவர் நின்ற கோட்டை இரட்டை வரிசைக் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். நகர மையத்தில் இந்தக் கோடு சாலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டே போகும். டிராபியின் மெல்லிய சக்கரங்களும் கெட்டியான சஸ்பென்ஷனும் அதைக் கடக்கும்போது ஒரு சின்ன குலுக்கலைத் தரும். அந்தக் குலுக்கல்தான் எல்லை. எத்தனை தடவை வருகிறதென்று எண்ணிக்கொண்டே ஓட்டினால், நகரம் எப்படி அறுபட்டுக் கிடந்தது என்பது எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாகும்.

மேற்கே திரும்பினால் டோபோகிராஃபி ஆஃப் டெரர் வளாகம். நாஜி ரகசியப் போலீஸின் தலைமையகம் இருந்த இடம்; அதன் ஓரமாகச் சுமார் 200 மீட்டர் அசல் சுவர் மிச்சமிருக்கிறது. அனுமதி இலவசம். அங்கிருந்து போட்ஸ்டாமர் பிளாட்ஸ் வழியாக வடக்கே ஏபெர்ட் ஸ்ட்ராஸவில் போகும்போது வலப்பக்கம் கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம்: 2,711 கான்கிரீட் பாளங்கள், 2005-ல் திறந்தது. இதை வண்டியிலிருந்தபடி பார்ப்பது பார்த்ததாகாது. பாளங்களுக்கு நடுவே தரை தாழ்ந்துகொண்டே போவது நடந்தால்தான் தெரியும். தள்ளி எங்காவது நிறுத்திவிட்டு வாருங்கள். அதன் முன்னால் ஹாரன் அடிப்பதும் வண்டியோடு நின்று படம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

பிராண்டன்பர்க் வாயிலுக்குள் 2002 முதல் எந்த வண்டியும் போக முடியாது. அதன் மேற்கு முகத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பினால் ஜூன் 17 சாலை. இந்தப் பயணத்தின் முக்கியமான இரண்டு சாலைகளில் ஒன்று இது. வலப்பக்கம் இரண்டு டி-34 டாங்கிகளோடு சோவியத் போர் நினைவிடம். 1945-லேயே எழுப்பியது, பின்னாளில் மேற்குப் பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்டது. நேரே 67 மீட்டர் உயர வெற்றித்தூண். 285 படி ஏறத் தெம்பு இருந்தால் ஏறலாம். தூணைச் சுற்றும் வட்டத்தில் பல தடங்கள் உண்டு. மூன்றாவது கியரிலேயே இருந்து, நீங்கள் பிரியும் சாலைக்குரிய தடத்தை முன்பே பிடித்துக்கொண்டு, ஒரு முழுச் சுற்றில் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இரண்டாவது சாலைக்குப் போக, பின்பக்கத் தெருக்களின் வழியே உன்டர் டென் லிண்டனைப் பிடித்து, அருங்காட்சியகத் தீவையும் பேராலயத்தையும் தாண்டி அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சேர வேண்டும். இங்கே டிராம் தண்டவாளங்கள் குறுக்கிடும். ஒட்டினாற்போல் ஓடாமல் நல்ல சாய்வில் கடக்கப் பாருங்கள், ஈரத்தில் மெல்லிய டயர் வழுக்கும். 368 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரத்தைத் தாண்டியதும் கார்ல் மார்க்ஸ் அலே தொடங்குகிறது. 1961 வரை இதன் பெயர் ஸ்டாலின் அலே. தொழிலாளர்களுக்கான மாளிகைகள் என்று பீங்கான் ஓடு பதித்துக் கட்டிய சாலை. இதைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்கள் வேலையின் அளவை உயர்த்தியதற்கு எதிராக 1953 ஜூனில் கருவிகளைக் கீழே வைத்தார்கள். அது எழுச்சியாக மாறிய நாள் ஜூன் 17. சோவியத் டாங்கிகள் அதை அடக்கின. அதன் நினைவாகத்தான் மேற்கு பெர்லின் தன் பெரிய சாலைக்கு அந்தத் தேதியைப் பெயராக வைத்தது. ஒரே பகலில் இந்த இரண்டு சாலைகளையும் கிழக்கில் பிறந்த ஒரு வண்டியில் ஓட்டிக் கடப்பதற்காகவே இந்த வழியைச் சொல்கிறேன். மற்ற எந்த இடத்தை விட்டாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள்.

ஃபிராங்ஃபுர்டர் டோர் இரட்டைக் கோபுரம் வரை போய்த் திரும்பி, ஸ்ட்ராவ்ஸ்பெர்கர் பிளாட்ஸ் வட்டத்தில் தெற்கே இறங்குங்கள். ஓவியம் தீட்டிய சுவரான ஈஸ்ட் சைட் கேலரியை ஆஸ்ட்பான்ஹோஃப் ரயில் நிலையப் பக்கத்திலிருந்து ஓபர்பாம் பாலத்தை நோக்கி ஓட்ட வேண்டும் என்பதற்காகவே இந்தச் சுற்று. அப்படி வந்தால் 1.3 கிலோமீட்டர் சுவரும் உங்கள் வலப்பக்கத்தில், எதிர்வண்டிகள் மறைக்காமல் தெரியும். மறுபக்கமாக வந்தால் பார்ப்பதெல்லாம் எதிரே வரும் லாரிகளை. 1990-ல் பல நாட்டு ஓவியர்கள் வரைந்த இந்தப் படங்களில், சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும் ஒரு டிராபன்ட்டும் உண்டு. பிர்கிட் கிண்டர் வரைந்தது. அதன் எண் பலகையில் சுவர் திறந்த நாளான நவம்பர் 9, 1989 எழுதியிருக்கும். பாலத்தைத் தாண்டிக் க்ராய்ஸ்பெர்க் வழியாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம்.

அருங்காட்சியகங்களை மறுநாள் வண்டியில்லாமல் பாருங்கள். தீவில் நிறுத்த இடம் கிடையாது. அங்குள்ள பெர்காமொன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் முழுக்க மூடப்பட்டது, ஒரு பகுதியை 2027-ல் திறப்பதாகத் திட்டம். நெஃபெர்டிட்டி சிலைக்கு நோயஸ் அருங்காட்சியகம், நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். நாடாளுமன்றக் குவிமாடத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். டிராபி ஓட்டி முடித்தவர்கள் குல்டுர்பிராவெரை வளாகத்தில் கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்வைக் காட்டும் இலவச அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். கூரைமேல் கூடாரம் கட்டிய ஒரு டிராபன்ட் அங்கே நிற்கிறது. விடுமுறைக்கு வீட்டையே தலையில் சுமந்துபோன வண்டி.

ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸ நிலையத்தை ஒட்டிய கண்ணீர் மாளிகையும் இலவசம்தான். மேற்கே திரும்புகிறவர்களை வழியனுப்பிய எல்லைக் கூடம். தமிழர்களுக்கு அந்த நிலையத்தோடு தனித் தொடர்பு உண்டு. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையைவிட்டு வெளியேறிய தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த நிலையம் வழியாகத்தான் மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். நகரைப் பிரித்த கோட்டைச் சர்வதேச எல்லையாக மேற்கு ஏற்காததால் அந்தப் பக்கத்தில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. எல்லோரையும் அடைத்து வைத்த சுவரில் அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது.

இன்னொரு காலை வண்டி கிடைத்தால் வடக்கே பெர்னாவர் ஸ்ட்ராஸ சுவர் நினைவிடத்தையும் அதற்கப்பால் போர்ன்ஹோல்மர் ஸ்ட்ராஸ பாலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1989 நவம்பர் 9 இரவு கூட்டம் தாங்காமல் முதலில் திறந்த கடவு அந்தப் பாலம்தான். கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள், அன்றைக்கு டிராபிகள் போன திசை அது. பாலத்தின் மேல் டிராம் தண்டவாளம் உண்டு, நிறுத்த முடியாது. கிழக்குக் கரையில் பக்கத் தெரு ஒன்றில் நிறுத்தி, பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, மிச்சமிருக்கும் சுவர்த்துண்டு வரை நடந்து வாருங்கள். திரும்பக் கிளப்பும்போது எஞ்சின் சூடாகவே இருக்கும், சோக் வேண்டாம்.